வெயில்ல நின்னா சரியாயிடுமா? – வைட்டமின் டி-யும் ஒரு பிரெஞ்சு பெயர் வெச்ச வியாதியும்

டிஸ்கி முதல்லயே: நான் டாக்டர் இல்லைங்க. இஞ்சினியரிங் முடிச்சிட்டு பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சிட்டு யாரும் மாத்திரை வாங்கவும் வேணாம், நிறுத்தவும் வேணாம். ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போய் ஒரு நூறு இருநூறு வருஷக் கதை கையில மாட்டிச்சு. அதைத்தான் இங்க கொட்டுறேன்.

போன வருஷம் ஜூலை 14. பாண்டிக்காரங்களுக்கு அந்தத் தேதி என்னன்னு சொல்லத் தேவையில்லை. மத்தவங்களுக்கு: பிரெஞ்சு தேசிய நாள். பீச் ரோட்டுல போர் நினைவுச் சின்னத்துகிட்ட பழைய சொல்தாக்கள் எல்லாம் மெடல் குத்திக்கிட்டு வருவாங்க. சொல்தான்னா பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்த நம்மூர் ஆளுங்க. எங்க பெரியப்பாவும் ஒரு சொல்தா. பாரிஸ் பக்கத்துல சார்செல்ல வீடு, வகான்ஸுக்கு குடும்பத்தோட பாண்டி. அவரோட பொண்ணு, எனக்கு அக்கா, ஆறு வயசுல அங்க போனவ. அவளுக்கு ஆறு வருஷம் முன்னாடி ஒரு கண்ணுல திடீர்னு பார்வை மங்கி, அப்புறம் ஸ்கேன் எடுத்து, எம்.எஸ்.னு பேர் வெச்சாங்க. மல்டிபிள் ஸ்களீரோசிஸ். தமிழ்ல தண்டுவட மரப்பு நோய்னு எழுதுறாங்க. மூளையிலும்தான் வருது, ஆனா பேருல தண்டுவடம் மட்டும்தான் இருக்கு. சரி விடுங்க.

அன்னிக்கு காலையில வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. அக்கா குடை எடுத்துட்டு வந்திருந்தா. கூட வந்த சொந்தக்காரங்க விடுவாங்களா? "அட குடைய மடக்கும்மா. உனக்கு வைட்டமின் டி கம்மின்னுதானே இது வந்துச்சு? நல்லா வெயில்ல நில்லு, சரியாயிடும்". எல்லாருக்கும் எவனோ ஒருத்தன் வாட்ஸப்புல அனுப்பியிருக்கான். அவளும் மறுக்க முடியாம மடக்கிட்டா. இருபது நிமிஷம். பேண்டு வாசிப்பு முடியிறதுக்குள்ள என் கையைப் பிடிச்சா. "டேய், கொடியில சிவப்பு தெரியல. எல்லாம் சாம்பலா இருக்கு" என்றாள். அதே பழைய கண்ணு.

நிழல்ல உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, அரை மணி நேரத்துல பார்வை திரும்பிடுச்சு. இதுக்குப் பேரு ஊத்தாஃப் விளைவு. வில்ஹெல்ம் ஊத்தாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் 1890-ல எழுதி வெச்சது. உடம்பு சூடு கொஞ்சம் ஏறினாலும், ஏற்கெனவே உறை கிழிஞ்ச நரம்புல சிக்னல் தடுமாறும். சூடு இறங்கினா பழையபடி ஆயிடும். புதுசா எதுவும் கெட்டுப் போறதில்லை. ஒரு காலத்துல இந்த வியாதி இருக்கான்னு கண்டுபிடிக்கவே ஆளை வெந்நீர்த் தொட்டியில உக்கார வெச்சுப் பார்த்தாங்களாம்.

அன்னிக்கு சாயங்காலம் அக்கா கேட்டா: "நீ நெட்டுல எல்லாம் படிக்கிறவன்தானே? ஒண்ணே ஒண்ணு பார்த்துச் சொல்லு. நான் இங்கயே, பாண்டியிலயே வளர்ந்திருந்தா இது எனக்கு வந்திருக்காதா?"

பெரியப்பா பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தார். மெடலை இன்னும் கழட்டல. அவர்தானே அவளை அங்க கூட்டிட்டுப் போனவர். அவர் எதுவும் பேசல.

நிற்க. இப்ப கதைக்குள்ள போவோம்.

1822 டிசம்பர். இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜோட பேரன் அகஸ்டஸ் டி'எஸ்டேன்னு ஒருத்தர் ஸ்காட்லாந்துல ஒரு சாவு வீட்டுக்குப் போறார். சடங்கு முடிஞ்ச கையோட கண்ணு மங்குது, எழுத்து படிக்க முடியல. கொஞ்ச நாள்ல தானா சரியாகுது. அப்புறம் வருஷக்கணக்குல கால் மரத்துப் போறது, நடை தள்ளாடுறதுன்னு வந்து வந்து போகுது. மனுஷன் எல்லாத்தையும் டைரியில எழுதி வெச்சார். இன்னிக்கு அந்த டைரியைப் படிக்கிற டாக்டர்கள் எம்.எஸ்.தான்னு சொல்றாங்க. அவர் காலத்துல அதுக்குப் பேரே கிடையாது. வேடிக்கை என்னன்னா, அதே 1822-லதான் ஷ்னியாடெக்கின்னு ஒரு போலந்து டாக்டர், நகரத்து இடுக்குல வளர்ற குழந்தைகளுக்குத்தான் எலும்பு வளையிற ரிக்கெட்ஸ் அதிகமா வருது, வெயில் பட்டா குணமாகுதுன்னு எழுதினார். ரெண்டு கதையும் ஒரே வருஷம் கிளம்பி, ஒண்ணையொண்ணு சந்திக்க 150 வருஷம் ஆச்சு.

பேர் வெச்சது பாரிஸ்ல. சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில ஷான் மார்த்தேன் ஷார்கோ. 1868-ல அவர் கொடுத்த பாடங்கள்லதான் இது தனி வியாதின்னு தெளிவாச்சு. செத்தவங்க மூளையை அறுத்துப் பார்த்தப்ப அங்கங்க கெட்டியான திட்டு திட்டா இருந்துச்சு. அதனால 'ஸ்க்ளெரோஸ் ஆன் ப்ளாக்', அதாவது திட்டுத்திட்டா இறுகிப் போறது. அவர் வீட்டு வேலைக்காரம்மா ஒருத்தங்களுக்கே இந்த வியாதி இருந்துச்சு, உயிரோட இருந்தப்ப ஷார்கோவே அதை வேற வியாதின்னு நினைச்சிருந்தார், பிரேதப் பரிசோதனையிலதான் உண்மை தெரிஞ்சுதுன்னு சொல்வாங்க. பெரியப்பா இன்னிக்கும் அந்த பிரெஞ்சுப் பேரைத்தான் சொல்வார்.

(ஒரு உள்ளூர்ப் பெருமை: ஷார்கோ அந்தப் பாடம் எடுத்தப்ப நம்ம பாண்டிச்சேரி மருத்துவப் பள்ளிக்கு 45 வயசு. 1823-ல பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்சது. அதோட வாரிசுதான் கோரிமேட்டுல இருக்கிற ஜிப்மர். 1964-ல இந்தப் பேர் வந்துச்சு.)

சரி, உறை ஏன் கிழியுது? நரம்பு ஒரு கேபிள்னா, மேல சுத்தியிருக்கிற மையலின் அதோட இன்சுலேஷன். அதை நம்ம உடம்போட காவல் படையே எதிரின்னு நினைச்சுத் தின்னுது. இது எப்படித் தெரிஞ்சுதுங்கிறதுல நம்மூர் ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு சமாச்சாரம் ஒளிஞ்சிருக்கு: நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி 14 ஊசி!

அந்த ஊசி மருந்து ஆட்டு மூளையில வளர்த்தது. டேவிட் செம்பிள் 1911 வாக்குல கசௌலியில உருவாக்கின முறை. நம்ம குன்னூர் பாஸ்டர் நிலையத்துலயும் ஆட்டு மூளை மருந்து பல வருஷம் தயாராச்சு. 2005 வாக்குலதான் இந்தியாவில இந்த ரகம் முழுசா ஒழிஞ்சுது. இந்த மருந்து பல உயிரைக் காப்பாத்துச்சு. ஆனா போட்டவங்கள்ல சில பேருக்கு கை கால் விழுந்துடும். ஊசியோட கூட போற ஆட்டு மூளைச் சத்தைப் பார்த்து வெறியான நம்ம காவல் படை, அதே சாயல்ல இருக்கிற நம்ம மையலினையும் போட்டுத் தாக்கிடும். பாஸ்டர் காலத்து முயல் தண்டுவட மருந்துலயே இந்தப் பிரச்சினை இருந்துச்சு. இதைப் புரிஞ்சுக்கத்தான் 1930-கள்ல அமெரிக்காவில தாமஸ் ரிவர்ஸ் குரங்குகளுக்கு முயல் மூளைச் சத்தைத் திரும்பத் திரும்ப ஊசி போட்டுப் பார்த்தார். குரங்குக்கு எம்.எஸ். மாதிரியே வந்துச்சு. கிருமியே இல்லாம! அந்தச் சோதனை மாடலை வெச்சுத்தான் (இப்ப எலியில பண்றாங்க) பின்னாடி வைட்டமின் டி-யையும் சோதிச்சாங்க. கொஞ்சம் பொறுங்க, வர்றேன்.

இன்னொரு பக்கம் வரைபடக்காரங்க வேலை செஞ்சுக்கிட்டிருந்தாங்க. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்த அமெரிக்க ராணுவப் பதிவுகளைப் பார்த்து 1922-ல டேவன்போர்ட் சொன்னார்: வடக்கே ஏரிகள் பக்கத்துலருந்து வந்த பசங்களுக்கு இது அதிகம், தெற்கே கம்மி. 1960-ல டொனால்ட் அச்செசனும் கூட்டாளிகளும் அமெரிக்க முன்னாள் வீரர்கள் தரவை எடுத்து, பிறந்த ஊருக்கு எவ்வளவு வெயில் விழுதுன்னு கணக்குப் போட்டாங்க. குளிர்கால வெயில் அதிகமுள்ள ஊர்ல வியாதி கம்மி. நார்வேயில இதுக்கு ஒரு விதிவிலக்கு. அவ்வளவு வடக்கே இருந்தும் கடலோர மீனவர்களுக்குக் கம்மி, உள்நாட்டு விவசாயிகளுக்கு அதிகம்னு 1952-ல ஸ்வாங்க் எழுதினார். அவர் கொழுப்பு மேல பழி போட்டார். கொழுத்த மீன்ல வைட்டமின் டி-யும் நிறைய இருக்குன்னு பின்னாடி வந்தவங்க கவனிச்சாங்க.

வைட்டமின் டி-ங்கிற பேரே 1922-லதான் வந்துச்சு. மெக்கல்லம் மீன் எண்ணெயைச் சூடாக்கிக் காத்தடிச்சு அதுல இருந்த வைட்டமின் ஏ-யை அழிச்சார். அப்பவும் அது ரிக்கெட்ஸைக் குணப்படுத்துச்சு. அப்ப உள்ள வேற ஏதோ இருக்குன்னு அடுத்த எழுத்தைக் கொடுத்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஸ்டீன்பாக் சாப்பாட்டு மேல புற ஊதா வெளிச்சம் பாய்ச்சினாலே அந்தச் சத்து வந்துடுதுன்னு கண்டுபிடிச்சார். நம்ம தோலும் அதே வேலையைத்தான் செய்யுது. வெயில்ல வர்ற புற ஊதா-பி கதிர் தோல்ல இருக்கிற ஒரு கொழுப்பை உடைச்சு வைட்டமின் ஆக்குது, கல்லீரல் ஒரு மாத்தம் பண்ணுது, சிறுநீரகம் இன்னொண்ணு பண்ணுது, கடைசியா வர்றது வைட்டமினே இல்லை, ஹார்மோன்.

எல்லாரும் இது எலும்பு விவகாரம்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க. 1974-ல பால் கோல்ட்பெர்க் முதன்முதலா வைட்டமின் டி-யையும் எம்.எஸ்.ஸையும் முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். யாரும் பெருசா கண்டுக்கல. 1983-லதான் பெரிய திருப்பம். அந்த ஹார்மோன் உக்கார்ற பூட்டு (ரிசெப்டர்) ரத்த வெள்ளை அணுக்கள்லயும் இருக்குன்னு தெரிஞ்சுது. எலும்புச் சாமானுக்கு காவல் படையில என்ன வேலை?

வேலை நிறைய இருந்துச்சு. சோதனைக் குழாயில பார்த்தப்ப, அடிக்கப் போற டி-அணுக்களோட (டிஹெச்1, டிஹெச்17னு பேர்) வேகத்தை அது குறைக்குது. 'போதும்டா, நிறுத்து'ன்னு சொல்ற ஒழுங்குபடுத்துற டி-அணுக்களைத் தூக்கி விடுது. எதிரி படத்தைத் தூக்கிக் காட்டுற டெண்ட்ரைட்டிக் அணுக்களைச் சாந்தமாக்குது. சிறுநீரகத்தை எதிர்பார்க்காம சில காவல் அணுக்கள் தாங்களே அந்த ஹார்மோனைச் செஞ்சுக்கவும் செய்யுது. நம்ம பாஷையில சொன்னா, ஃபயர்வாலை அணைக்கல, தப்பா அலாரம் அடிக்கிறதைக் குறைக்குது.

1991-ல லெமியரும் ஆர்ச்சரும், 1996-ல விஸ்கான்சின்ல கான்டோர்னா, ஹேய்ஸ், டிலூக்காவும் ரிவர்ஸ் வழி வந்த அந்த எலிகளுக்கு ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தாங்க. எலிக்கு வாதம் வரல. ஏற்கெனவே வந்ததுக்கும் முன்னேறாம நின்னுச்சு. கொடுக்கிறதை நிறுத்தினா திரும்ப வந்துச்சு. இந்த டிலூக்கா யாருன்னா, அதே ஸ்டீன்பாக்கோட மாணவர். 2006-ல அமெரிக்க ராணுவம் சேர்த்து வெச்சிருந்த ரத்த மாதிரிகளை எடுத்து மங்கரும் அஸ்கெரியோவும் பார்த்தாங்க. சுமார் 70 லட்சம் பேர், அதுல பின்னாடி வியாதி வந்த 257 பேர். வெள்ளையர்கள்ல வைட்டமின் டி அளவு உச்சத்துல இருந்த அஞ்சுல ஒரு பங்குக்கு, அடியில இருந்தவங்களை விட 62 சதவீதம் ஆபத்து கம்மி. கறுப்பர்கள்லயும் ஹிஸ்பானியர்கள்லயும் அந்தத் தொடர்பு தெரியல. இந்தக் கடைசி வாக்கியம் வாட்ஸப்புல வராது, கவனிச்சுக்குங்க.

2009-ல இன்னொரு துண்டு. எம்.எஸ். ஆபத்தை அதிகமாக்குற முக்கியமான மரபணு ஒண்ணு இருக்கு. அதோட சுவிட்ச் பக்கத்துலயே வைட்டமின் டி ரிசெப்டர் வந்து ஒட்டுற இடம் இருக்குன்னு ராமகோபாலன் குழு காட்டினாங்க. 2015-ல மரபிலயே வைட்டமின் டி கம்மியா இருக்கிறவங்களுக்கு எம்.எஸ். ஆபத்து அதிகம்னு கனடாவிலருந்து ஒரு கணக்கு வந்துச்சு. வியாதி வந்து வீட்டுக்குள்ள அடைஞ்சதாலதான் வைட்டமின் குறைஞ்சுதுங்கிற சந்தேகம் இருந்துச்சே, அதுக்கு இது நல்ல பதில். பிறக்கும்போதே வந்த மரபணுவை வியாதி மாத்த முடியாதுல்ல.

இப்ப அக்கா கேள்விக்கு வர்றேன். இடம் பெயர்ந்தவங்க கதை.

ஜெஃப்ரி டீன்னு ஒரு டாக்டர் தென்னாப்பிரிக்காவில, ஐரோப்பாவிலருந்து குடியேறினவங்களை வருஷக்கணக்கா எண்ணினார். 1971-ல கர்ட்ஸ்கியோட சேர்ந்து எழுதின கட்டுரையில, சின்ன வயசுல வந்தவங்களுக்கு ஆபத்து கம்மி, சுமார் 15 வயசுக்கு மேல வந்தவங்க ஐரோப்பாவோட ஆபத்தைக் கூடவே கொண்டு வந்துட்டாங்கன்னு தெரிஞ்சுது. 1990-ல அவரும் மார்டா எலியனும் நைட்டிங்கேலும் இங்கிலாந்துல அதையே தலைகீழாப் பார்த்தாங்க. இந்தியாவிலருந்தும் கரீபியன் தீவுகள்லருந்தும் வந்த பெத்தவங்களுக்கு எம்.எஸ். ரொம்பக் கம்மி. அங்கயே பிறந்த அவங்க பிள்ளைகளுக்கோ கிட்டத்தட்ட வெள்ளைக்காரங்க அளவு!

இதைவிட நம்மூருக்குக் கிட்டத்துல ஒரு கதை இருக்கு. 1853-ல 'ஒரேலி'ங்கிற கப்பல் நம்ம பக்கத்துலருந்து தமிழ்க் கூலிகளை ஏத்திக்கிட்டு மார்த்தினிக் தீவுக்குப் போச்சு. அடுத்த வருஷம் குவாதலூப்புக்கு. பாண்டியிலயும் காரைக்கால்லயும் ஏறின ஆயிரக்கணக்கான பேர் கரும்புக் காட்டுல காணாமப் போன கதை அது. தனிப் பதிவே போடணும். அந்தத் தீவுகள்ல எம்.எஸ். அபூர்வம். 1963-லருந்து பிரெஞ்சு அரசே அந்தத் தீவுக்காரங்களை வேலைக்குன்னு பாரிஸ் பக்கம் கூட்டிட்டுப் போச்சு. பின்னாடி பல பேர் ஊர் திரும்பினாங்க. 2005-ல ஃபிலிப் காப்ர் குழு கணக்கெடுத்தப்ப, பிரான்ஸ் போயிட்டுத் திரும்பினவங்களுக்கு வியாதி கூடுதலா இருந்துச்சு. அதுலயும் 15 வயசுக்கு முன்னாடி போனவங்களுக்கு ரொம்பக் கூடுதல். அந்த நோயாளிகள்ல பெரும்பாலானவங்க ஆப்பிரிக்க வம்சாவளி, தமிழர் இல்லை. ஆனா இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஆறு வயசு. சார்செல்.

அப்ப விடை 'ஆமா'தானா? உடனே போனைப் போட்டுச் சொல்லிடலாமான்னு இருந்துச்சு. நல்லவேளை, சொல்லல. ஏன்னா அடுத்து இந்தியக் கணக்கைப் பார்த்தேன்.

வெயில் நாடு, அதனால நமக்கு வைட்டமின் டி குறையாதுன்னுதான் எல்லாரும் நம்பினாங்க. 2000-ல டெல்லி எய்ம்ஸ்ல கோஸ்வாமி குழு ஆரோக்கியமானவங்களையே சோதிச்சு, பெரும்பாலானவங்களுக்குக் குறைவுன்னு சொன்னாங்க. நம்ம பக்கத்து திருப்பதியில ஹரிநாராயண் நடத்தின ஆய்வுகள்லயும் அதே கதை. கறுத்த தோலுக்கு அதிக நேரம் வெயில் வேணும். காலை பதினொண்ணுலருந்து ரெண்டு மணிக்குள்ள அடிக்கிற வெயில்தான் நல்லா வேலை செய்யுது. அந்த நேரத்துல நம்மள்ல யார் வெளிய இருக்கோம்? என் ரத்தத்தையும் கொடுத்துப் பார்த்தேன். 13 நானோகிராம். 20 இருக்கணுமாம். பீச்சுலருந்து ஒரு கிலோமீட்டர்ல வீடு வெச்சுக்கிட்டு! ஏசி ரூம்ல கோடு எழுதினா இதான்.

இப்ப யோசிங்க. வைட்டமின் டி குறைவுதான் காரணம்னா இந்தியா முழுக்க எம்.எஸ். குவிஞ்சிருக்கணும். குவியல. மங்களூர்ல லேகா பண்டிட் குழு எண்ணினப்ப லட்சத்துக்கு சுமார் எட்டு பேர். வட ஐரோப்பாவில லட்சத்துக்கு நூறு, இருநூறு. மும்பை பார்சிகளுக்கு மத்த இந்தியர்களை விட அதிகம். அவங்களுக்கும் இதே சூரியன்தான். ஆக, ஒரு கண்ணி மட்டும்தான் வைட்டமின் டி. மரபணு ஒண்ணு. 2022-ல வந்த பெரிய செய்தி எப்ஸ்டீன்-பார் வைரஸ்: அதே அமெரிக்க ராணுவ ரத்தத்தை, இப்ப ஒரு கோடி பேர், பார்த்து, அந்த வைரஸ் தொத்தினதுக்கு அப்புறம் எம்.எஸ். ஆபத்து 32 மடங்கு ஆகுதுன்னு காட்டினாங்க. ஆனா அந்த வைரஸ் கிட்டத்தட்ட உலகத்துல எல்லார் உடம்புலயும் இருக்கு! எந்தப் பூட்டும் ஒரு சாவியில திறக்கிற மாதிரி இல்லை.

கடைசி அத்தியாயம், மருந்தா கொடுத்தா வேலை செய்யுமா? எலிக்கு வேலை செஞ்சது மனுஷனுக்கு முரண்டு பிடிச்சுது. 2023-ல அமெரிக்காவில விடாம்ஸ் சோதனை: வழக்கமான மருந்தோட நாளுக்கு 5000 யூனிட் ஒரு கோஷ்டிக்கு, 600 இன்னொண்ணுக்கு. வித்தியாசம் இல்லை. 2024-ல ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல ப்ரெவான்ஸ்: முதல் அறிகுறி வந்தவங்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. பலன் தெரியல. சரி, கதை முடிஞ்சுதுன்னு நினைச்சப்ப 2025 மார்ச்ல ஷார்கோவோட நாட்டுலருந்தே ஒண்ணு வந்துச்சு. நீம் நகரத்து எரிக் தூவெனோ தலைமையில 36 மையங்கள், 316 பேர். ஆரம்ப நிலை, வேற மருந்து எதுவும் ஆரம்பிக்காதவங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு லட்சம் யூனிட், ரெண்டு வருஷம். வியாதி திரும்பத் தலை தூக்கினது வைட்டமின் கோஷ்டியில 60 சதவீதம், போலி மாத்திரைக் கோஷ்டியில 74. வித்தியாசம் நிஜம். ஆனா அது பெரும்பாலும் ஸ்கேன்ல தெரிஞ்ச வித்தியாசம். நோயாளி உணர்ற தாக்குதலை மட்டும் தனியா எண்ணினா வித்தியாசம் உறுதியாகல. அது டாக்டர் கண்காணிப்புல கொடுத்த டோஸ்ங்கிறதையும் மறந்துடாதீங்க. நாமளே கண்டபடி முழுங்கினா ரத்தத்துல கால்சியம் ஏறி சிறுநீரகம் போயிடும்.

போன்ல அக்காகிட்ட ஒரு மணி நேரம் சொன்னேன். "கூட்டம் கூட்டமா எண்ணினா இங்க வளர்ந்தவங்களுக்கு ஆபத்து கம்மிதான்கா. ஆனா உனக்கு வந்திருக்குமா வந்திருக்காதான்னு அந்தக் கணக்கால சொல்லவே முடியாது. பாண்டியில வளர்ந்து இந்த வியாதி வந்தவங்களும் இருக்காங்க. சார்செல்ல உன் கூட வளர்ந்த அத்தனை பேருக்கும் வரவும் இல்ல" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "இதை அப்பாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா அவருக்காகச் சொல்றேன்னு நினைப்பாரு" என்றாள்.

சொன்னேன். கப்பல், குரங்கு, ஆட்டு மூளை எல்லாம் கேட்டுட்டு அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "பேத்திக்கு சொட்டு மருந்து கொடுக்கிறாங்களே, அது சரிதானே?" பிரான்ஸ்ல குழந்தைகளுக்கு வைட்டமின் டி சொட்டு கொடுக்கிறது வழக்கம், எலும்புக்காக. சரிதான் பெரியப்பான்னேன்.

அக்காவுக்கு அவ நியூராலஜிஸ்ட் எழுதின மருந்து ஓடுது, கூட வைட்டமின் டி-யும். இந்த வருஷம் ஜூலையில வரல, டிசம்பர்ல வர்றாளாம். சாயங்காலம் வண்டிகளை நிறுத்தின அப்புறம் பீச் ரோட்டுல நடக்கலாம், வெயில் இருக்காதுன்னா. பெரியப்பா மட்டும் ஜூலை 14-க்கு தனியா வந்தார். மெடல் குத்திக்கிட்டு நின்னார். குடை நான் பிடிச்சேன்.